கலக்காத தண்ணீர்

எங்கள் சிப்பி வளர்ப்புக் கூடத்தில் கடைசித் தொட்டி அக்காவுடையது. வேறு யாராவது கிட்டே போனால் கடித்துக் குதறிவிடுவாள். அதில் நீந்தியவை, அவள் கணவரான என் மாமா கடைசியாக முழுகி எடுத்த தாய்ச் சிப்பிகளின் குஞ்சுகள். கூடையைப் படகில் ஏற்றிவிட்டு மாமா இன்னொரு முறை முழுகினார். பாறையோரத்துச் சுழல் அவரைக் கொண்டுபோய்விட்டது. தாய்ச் சிப்பிகளும் முட்டையிட்டதோடு செத்துவிட்டன. இந்தக் குஞ்சுகளாவது பிழைக்க வேண்டும், அக்காவுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

குஞ்சு மணலைவிடப் பொடி. கண்ணும் காலும் வந்ததும் நீந்துவதை விட்டுக் கீழே இறங்கி, நாங்கள் போட்டிருக்கும் பழைய சிப்பி ஓடுகளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மற்ற தொட்டிகளில் எல்லாம் ஒட்டிவிட்டன. அக்காவின் தொட்டியில் ஒன்றுகூட இறங்கவில்லை.

"தீனிய மாத்திப் பாத்தியாக்கா?"

"எல்லாம் பாத்தாச்சு. நீ உன் வேலையப் பாரு."

எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. தண்ணீரைச் சுழற்றிவிடும் கலக்கியின் துடுப்பு நின்றிருந்தது. யாரும் தொடக்கூடாதென்று சுவிட்சைத் துணி சுற்றிக் கட்டியிருந்தாள்.

கோபம் தலைக்கேறியது. நேற்று வேலைக்கு வந்தவருக்குக்கூடத் தெரியும், தண்ணீர் புரண்டால்தான் பாறை பக்கத்தில் இருக்கிறதென்று குஞ்சு இறங்கும். அசையாத தண்ணீரில் நடுக்கடல் என்று நினைத்து, தெம்பு தீரும்வரை நீந்திக்கொண்டே இருக்கும்.

அவள் வந்ததும் கத்தினேன். "உனக்குத் தெரியாததா இது? நீயே கொல்றியேக்கா!"

தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்டி. தினம் சுவிட்ச் வரைக்கும் கை போகுது. அந்தச் சத்தம் கேட்டாலே அவர் கண்ணு முன்னாடி வந்து நிக்கறாரு. அவரை வாரிக்கிட்டுப் போன அதே சுழல, இதுங்களுக்கு என் கையாலயே எப்படிடீ குடுப்பேன்?"

மாமா போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. கல் மனசு என்றுகூட நினைத்திருந்தேன்.

துணியை அவிழ்த்தது அவள்தான். துடுப்பு சுழன்றது, தண்ணீர் புரண்டது. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலை ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் வழவழவென்று வெறுமையாக இருந்தன. துடுப்பு எட்டாத மூலையில் தூசிபோல எதுவோ ஒதுங்கியிருந்தது. எடுத்துப் பார்த்தால், குஞ்சுகள். செத்து நாளாகியிருந்தது.

நான் சொல்வதற்குள் அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"நிறுத்திடறேன்க்கா. உள்ள ஒண்ணுமில்ல" என்று சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓடட்டும்டி. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

அந்த இரைச்சலில், அவள் வாய்விட்டு அழுதது பக்கத்துத் தொட்டிக்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.