இன்னும் கனியவில்லை

"நாள் கடந்து ஒரு வாரமாச்சு சிஸ்டர். இன்னைக்கே வலி வர மருந்து வெச்சிடுங்க" என்றாள் மாமியார்.

மருத்துவச்சி கையுறையை மாட்டினாள். "பழைய ஸ்கேன் எங்க?"

"தொலைஞ்சிருச்சு." அதுவரை வாய் திறக்காத மருமகள் முந்திக்கொண்டாள்.

"எதைத்தான் பத்திரமா வெச்சிருக்கா இவ!"

மருத்துவச்சிக்கு எங்கோ இடித்தது.

விரல்களால் மெல்லத் தேடினாள். கருப்பை வாய் பின்னால் ஒதுங்கியிருந்தது. பிரசவத்துக்குத் தயாரானால் உதடு போல இளகியிருக்கும். இது மூக்கு நுனி போல விறைத்திருந்தது. நீளம் குறையவில்லை. விரல் நுழைய இடமில்லை. நாள் கடந்தும் சிலருக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் நாடாவால் அளந்தபோது வயிறும் சொன்ன நாளுக்குச் சிறியதாக இருந்தது.

"இன்னும் கனியலம்மா."

"கனிய வைக்கத்தானே மருந்து?"

"தடியால அடிச்சா கனிய வைக்கிறது? கொஞ்சம் வெளிய இருங்க."

முணுமுணுத்தபடி மாமியார் போனாள்.

"நாள் கணக்கு யாரு சொன்னது?"

மருமகள் கூரையைப் பார்த்தாள். "டாக்டர்."

"டாக்டரா, நீயா?"

மருமகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப வலி வரவெச்சா வாய் தெறக்காது. கடைசியில கத்திதான். நாளாகாத பிள்ளை மூச்சுக்குத் திணறும்."

"நாளைக்கு அவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புறார், சிஸ்டர். ரெண்டு வருஷம் லீவு கிடையாது. பிள்ளை முகத்தைப் பாத்துட்டுப் போகட்டும்னுதான்..."

"நீயே சொல்லிடு. நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆயிடும்."

அதற்குள் கணவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், பின்னால் மாமியார். "எந்திரி, வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம். இவங்களுக்கு வேலை செய்யவே வலிக்குது."

மருத்துவச்சி மருமகளைப் பார்த்தாள். மருமகள் போர்வையைக் கசக்கினாள். அவன் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தான்.

"வேணாம். இன்னும் மூணு வாரம் இருக்கு. நான்தான் பொய் சொன்னேன்."

அவன் குனிந்தபடியே நின்றான். "அப்ப நான் யாரைப் பாத்துட்டுப் போறது?"

மருத்துவச்சி பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் குழலை வயிற்றின் மேல் வைத்து, தன் காதை வைத்து ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுங்கினாள். "முகம் இப்போதைக்கு இல்ல. சத்தத்தைக் கேட்டுட்டுப் போங்க தம்பி."

அவன் காதை வைத்தான். வெகு நேரம் காதை எடுக்கவே இல்லை.

மாமியார் மட்டும் மருத்துவச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வாரம்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களா?"