நனையாத படி

பெட்டியைத் தோளில் வாங்கும்போது அனத்தோல் வானத்தைத்தான் பார்த்தார். உள்ளே கிடப்பது கூடப்பிறந்த தம்பி ஃபிர்மேன். ஆனால் அவர் நெஞ்சு முழுக்க மேற்கே திரண்டிருந்த மேகம். ஒன்பது நாளாக ஒரு தூறல் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் போதும், அடக்கம் முடிந்து ஊர் கலைந்துவிடும்.

"என்ன, உன் கடை ரொட்டி நனைஞ்சிடும்னு கவலையா?" பின்னால் தோள் கொடுத்த கறிக்கடை மெதார் மெல்லக் கேட்டார். "விடுப்பா. நல்லவன் போறான், வானம் ரெண்டு சொட்டு அழுதுட்டுப் போகட்டுமே."

மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்.

தேவாலயத்தின் தெற்குக் கூரையோரம், மழைத்தண்ணீரை வாய்வழியே துப்புகிற எட்டுக் கல்பூதங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். எட்டாவது, நாய். அது நீட்டியிருப்பது சந்துக்கு எதிரே அனத்தோலின் ரொட்டிக்கடைக்கு நேராக. கடையின் மேல்மாடி சந்துப்பக்கம் துருத்தியிருப்பதால் படியில் மழை விழாது. நாய் துப்புகிற தண்ணீர்தான் சாய்ந்து வந்து படியை அடிக்கும். ஞாயிறு பூசை முடிந்து ரொட்டிக்கு நிற்கிற சனம் தொப்பலாக நனைந்து, பாலத்தடிக் கடைக்கு நடையைக் கட்டும். போன வருஷம் வசந்தத்தில் ஒருநாள் மாடி ஜன்னலிலிருந்து பலகை போட்டு, மாவுச் சாக்கைச் சுண்ணாம்புச் சாந்தில் முக்கி, நாயின் தொண்டையில் திணித்துவிட்டார் அவர். அன்றிலிருந்து வரிசை நனையவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

ஃபிர்மேன் மட்டும் பார்த்தான். கோயில் பணியாளன் அவன், மெழுகுவத்தியிலிருந்து ஓடு வரைக்கும் அவன் பொறுப்பு. பேயை விரட்டத்தான் அந்தப் பூதங்கள் என்று பாதிரியார் பிள்ளைகளுக்குச் சொன்னால் இவன் சிரிப்பான். "பேயாவது பிசாசாவது. கூரைத் தண்ணிய சுவத்துல படாம தூரத் துப்பணும், அதுக்குத்தான் வெச்சிருக்கு. துப்பலேன்னா சுவரு குடிச்சிடும்."

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, போன மழைக்கு நம்ம நாய் துப்பவே இல்ல. உள்சுவரு பூரா ஈரம். நாளைக்கு ஏறிப் பாத்துடறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. கடையில் நாலு பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் பூசைக்குப் போகிறவர்கள்.

"பாத்து ஏறுடா" என்று மட்டும்தான் சொன்னார்.

திங்கள் காலை, ஒன்றரை வருஷத் தண்ணீரைக் குடித்து ஊறியிருந்த விளிம்புக்கல் ஃபிர்மேனின் காலடியில் பெயர்ந்தது. அதன்பிறகு மூன்று நாளாக வீடு நிறையத் துக்கம் கேட்க வந்த சனம். மாடி ஜன்னலருகே போகவே வழியில்லை. இன்று மாலை எப்படியும் அந்தச் சாக்கை உருவிவிட வேண்டும்.

பூசை நடந்தது. பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஆளுயரத்துக்கு ஈரம் கறுத்துக் கிடந்தது. புனித நீர் தெளிக்க இலைக்கொத்தை வாங்கியபோது அனத்தோல் அந்தச் சுவர்ப் பக்கம் தலை நிமிரவே இல்லை. பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்தார்கள். பாசமும்தான். முதல் துளிகளைப் பெட்டியின் மேல் உதறும்போது, தலைக்கு மேலே ஓட்டில் மழை இறங்கும் சத்தம் கேட்டது.

பெட்டியைத் தெற்கு வாசல் வழியாகச் சந்துக்குக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றுவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. மேலே ஒவ்வொரு தொண்டையாகத் திறந்தது. கயிறு கயிறாகத் தண்ணீர் விழுந்து கல்தரையில் தெறிக்க, சனம் குடையும் தொப்பியுமாகச் சுவரோரம் ஒதுங்கியது.

"ஏழுதான் துப்புது" என்றார் மெதார், அண்ணாந்து பார்த்து. "அந்த நாய்க்கு என்ன வந்துச்சு?"

"அதைப் பாக்கத்தான் அவர் ஏறினாரு."

சொன்னது ஃபிர்மேனின் மனைவி பெர்த்தில். ரொட்டிக்கடைப் படியில் தனியாக நின்றிருந்தாள். கறுப்பு முக்காட்டை விலக்கி நாயின் வாயைப் பார்த்தாள். ஊறிப்போன சாந்து விண்டு, சாக்கின் ஒரு முனை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நீலக்கோடு போட்ட சாக்கு. அந்த ஊரில் அந்தச் சாக்கில் மாவு வாங்குகிற கடை ஒன்றுதான்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது.

"அத்தான்" என்று கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "அங்க ஏன் நனையறீங்க? இங்க வாங்க. இங்க நனையாது. உங்களுக்குத் தெரியாததா?"

சந்தில் எல்லோரும் திரும்பினார்கள். அனத்தோல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அவள் நகர்ந்து விட்ட இடத்தில் ஏறி நின்றார். வண்டிமேல் கிடந்த கறுப்புத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மேல் ஒரு துளி விழவில்லை.