வயிற்றைத் திறக்க அனுமதி

ஓசூர் தரும ஆஸ்பத்திரியில் டாக்டர் நாராயணப்பனுக்குக் கட்டி கீறவும் பல் பிடுங்கவும் அனுமதி இருந்தது. வயிற்றைத் திறக்க அனுமதி இல்லை. எந்த டாக்டர் எதில் கை வைக்கலாம் என்று முடிவு செய்ய அங்கே ஒரு கமிட்டி. அதன் தலைவர் பெங்களூர் சர்ஜன் சென்னகிருஷ்ணன். அனுமதி கேட்கிறவர் தாமே ஒரு நோயாளியைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிவர வேண்டும். ஆபரேஷன் முடியும்வரை சர்ஜன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். கடைசியில் தலையசைத்தால் அனுமதி உண்டு, அசைக்காவிட்டால் இல்லை.

கமிட்டியைவிட நாராயணப்பனுக்கு அவசரம் அதிகம். வீட்டு வாசல் பலகையில் தம் பெயருக்குக் கீழே 'ஆபரேஷன் நிபுணர்' என்று முன்கூட்டியே எழுத வைத்துவிட்டார். எழுத்து வெயிலில் வெளுத்து மறுபடி பெயின்ட் அடித்தும் ஆயிற்று. ஆள்தான் அகப்படவில்லை. வந்தவர்கள் கட்டியை மட்டும் கீறிக்கொண்டு, வயிற்றைப் பத்திரமாகப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதில் இன்னொரு கூத்து, நிபுணருக்கே குடலிறக்கம் இருந்தது. கால்சட்டைக்குள் தோல் கச்சை கட்டி அதை ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தார். ஏன் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை என்று தம்மையே கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் வேலை அதிகம் என்று பதில் சொல்லிக்கொள்வார். பயம்தான், வேறொன்றும் இல்லை.

கடைசியில் பேரிகை விவசாயி முனிசாமி மாட்டினார். அவருக்கும் குடலிறக்கம்தான்.

"ஒண்ணும் ஆவாது முனிசாமி. பெரிய டாக்டர் பக்கத்துலயே நிப்பாரு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். பயப்பட என்னா இருக்குது?" என்று நாராயணப்பன் வார்டே கேட்கும்படி தினமும் ஓதினார்.

குறித்த நாளில் சென்னகிருஷ்ணன் காரில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முனிசாமி, கத்திகள் வெந்நீரில் கொதிப்பதைக் கதவிடுக்கில் பார்த்தார். கொல்லைப்பக்கம் போய்வருகிறேன் என்று எழுந்தவர் நேரே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓட்டமெடுத்தார். தம் எதிர்காலமே அங்கி நாடா அவிழ ஓடுவதைக் கண்ட நாராயணப்பன் பின்னால் ஓடினார். முனிசாமி சாக்கடையைத் தாண்டிப் பஸ்ஸில் ஏறிவிட்டார். நாராயணப்பனும் தாண்டினார். கால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது, கச்சை தாங்கவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்தவரை முனிசாமி பஸ் ஜன்னல் வழியாகப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜட்கா வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சென்னகிருஷ்ணன் அழுத்திப் பார்த்தார்.

"குடல் சிக்கிக்கிச்சு. இப்பவே திறக்கணும். சாந்த் பாஷா செய்யட்டும், நான் நிக்கறேன்."

சாந்த் பாஷா அதே ஆஸ்பத்திரியில் அதே அனுமதிக்குக் காத்திருந்த இன்னொரு டாக்டர். எதிலும் நிதானம். ஆமை என்று நாராயணப்பன்தான் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்.

"சார், நீங்களே..." என்று நாராயணப்பன் சர்ஜனின் கையைப் பிடித்தார்.

"ஒண்ணும் ஆவாதுண்ணே. பெரிய டாக்டர் பக்கத்துலயே நிப்பாரு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றார் சாந்த் பாஷா. கேலி இல்லை. நோயாளியிடம் சொல்ல வேண்டியது இதுதான் என்று வார்டில் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. அந்த வார்த்தைகளில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று நாராயணப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று, வாய் மரக்கவில்லை.

"பாய், மெதுவா... அங்க நரம்பு போவுது... வலது பக்கம் பாருங்க..."

"மாத்தாடபேடி," என்று கன்னடத்தில் அதட்டினார் சென்னகிருஷ்ணன். "அனுமதி கேக்கறது அவரு. நீங்க பேசாம படுங்க."

அதன்பிறகு நாராயணப்பனுக்கு அழுகைதான் வந்தது. நிபுணரின் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. தையல் முடிந்ததும் சர்ஜன் தலையசைத்தார். எத்தனையோ நாளாக ஏங்கிய அந்தத் தலையசைப்பை நாராயணப்பன் படுத்தபடி கீழேயிருந்து பார்த்தார்.

உடம்பு தேறி மறுபடி கட்டி கீற உட்கார்ந்தபோது முனிசாமி வந்தார். கையில் மடித்த துணி.

"அங்கிய தொவச்சு எடுத்தாந்தேன் சாமி. உங்குளுக்கும் பண்ணாங்களாமே. நெசமா சொல்லுங்க, பயமா இருந்துச்சா?"

பழைய பாடம் நாராயணப்பனின் நாக்கு நுனிவரை வந்தது. அடிவயிற்றில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது.

"பயமாத்தான் இருந்துச்சு. அழுதுட்டேன். எறும்புக் கடியெல்லாம் பொய்யி. இருமினாக்கூட உசிரு போச்சு. பாஷாகிட்ட போங்க முனிசாமி, அவருக்கு அனுமதி கெடச்சிடுச்சு. நல்லா பண்றாரு."

சொல்லிவிட்டு, வாசல் பலகையில் 'ஆபரேஷன் நிபுணர்' வரியை அழிக்கச் சொல்லலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

"அவுரு நல்லா பண்ணுவாருதான்," என்றார் முனிசாமி. "ஆனா அவுரு அங்க படுத்ததில்லியே. நீங்களே பண்ணுங்க."

சென்னகிருஷ்ணன் மறுபடி வந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாராயணப்பன் கத்தியை எடுத்தார். திரைத்துணிக்கு அந்தப் பக்கமிருந்து முனிசாமியின் குரல் வந்தது.

"எனுக்கு பயமா இருக்குது சாமி. உங்குளுக்கு?"

சர்ஜன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எனக்குந்தான்," என்றார் நாராயணப்பன்.

"அப்ப சரி சாமி. ஆரம்பிங்க."