ஹெல்ம்ஸ்டேலுக்கு முன்னால் ஒரு டீ

“வேண்டாம்னு சொன்னேன்ல. இன்னொரு தடவ அந்தக் கிண்ணத்த மூக்குக்கிட்ட கொண்டு வந்தா உன் மேலயே வாந்தி எடுப்பேன்.”

“அரிசிப் புட்டிங், டாம்சின். நேத்து இதத்தான் இன்னும் கொடு, இன்னும் கொடுன்னு கேட்ட.”

“நேத்து நான் வேற ஆளு.”

கொட்டும் மழையில் அவள் சைக்கிளை ஒட்டி ஓடிக்கொண்டே பேசுவது எனக்குச் சிரமமாகவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. முந்தின நாள் அவள் கையில் ஒரு பாட்டிலைத் திணிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. இப்போது, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், நடையை எட்டிப் போட்டாலே அவளுக்கு இணையாக வர முடிந்தது.

டாம்சின் என் அக்கா. பிரிட்டனின் தென்மேற்கு நுனியான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு நுனியான ஜான் ஓ கிரோட்ஸ் வரை, இதுவரை எந்தப் பெண்ணும் போகாத வேகத்தில் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பியவள். தெற்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும் என்று வானிலைக்காரர்கள் சொன்ன நாளைப் பார்த்துத்தான் புறப்பட்டோம். இன்வெர்னஸ் நகரம் தாண்டியதும் காற்று மனம் மாறி எதிரே வந்து நின்றுகொண்டது. காலையில் பழைய சாதனையைவிடத் தாராளமாக முன்னால் இருந்தாள். சேர்த்து வைத்த அந்த நேரமெல்லாம் ஓட்டைப் பையிலிருந்து சிந்துவதுபோல வழிநெடுகச் சிந்திவிட்டது.

“அப்ப என்னதான் வேணும், சொல்லு.”

“டீ. சூடா. இல்லன்னா அடுத்த ஊரு ஹெல்ம்ஸ்டேல்ல வேன் கதவத் திறந்து வை. ஏறிப் படுத்துக்கறேன்.”

“சாதனை?”

“அதான் போகப் போகுதே. போனப்புறம் யாருக்காக மிதிக்கிறது?”

வேனில் இருந்த சின்ன அடுப்பில் காஸ் தீர்ந்திருந்தது. ஓரமாக நிறுத்தியிருந்த வேனுக்குத் திரும்பி, அதை விரட்டிக்கொண்டு நான் முன்னால் போனேன். சாலையோரத்தில், கடலைப் பார்த்த ஒரு வெள்ளை வீட்டின் புகைபோக்கியில் புகை தெரிந்தது. கதவைத் தட்டினேன். மாவு ஒட்டிய கைகளோடு, அகலமான முகமுள்ள ஒரு அம்மாள் திறந்தாள்.

“மன்னிக்கணும். என் அக்கா சைக்கிள்ல வந்துட்டிருக்கா. லேண்ட்ஸ் எண்ட்லேர்ந்து. அவளுக்குக் கொஞ்சம் டீ கிடைக்குமா?”

“இந்த மழையிலயா? கிறுக்கா அவளுக்கு?”

“ஆமாங்க.”

“உள்ள வா. கால்மிதியில காலத் தொடச்சுக்கோ. ஹூயி, உன் பங்கு போச்சு.”

கடைசி வாக்கியம் உள்ளே நெருப்பருகே செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த கணவருக்கு. என்ன பங்கு என்று எனக்குப் புரியவில்லை. அவள் பெயர் இஷ்பெல் என்பதும், கணவர் படகிலிருந்து அப்போதுதான் வந்தார் என்பதும் அடுத்த நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் கெட்டில் மட்டும் அடுப்பில் ஏறவில்லை. அவள் ஒரு பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்து கிளறினாள். இன்னொன்றில் வெந்த உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்தாள். நான் ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு கப் போதுங்க,” என்றேன்.

“ஒரு கப்பா? தெற்க உங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு அளந்துதான் போடுவீங்களா?”

அவள் தட்டை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. தெற்கே கென்ட்டில் எங்கள் வீட்டில் டீ என்றால் பால் ஊற்றிய ஒரு கோப்பை. இங்கே சாயங்காலம் டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. நான் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, மழையில் நனைந்து வந்த மீனவரின் சாப்பாட்டைக் கேட்டிருக்கிறேன்.

விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹூயி எழுந்துவிட்டார். “அந்தா வருது உன் அக்கா. அது மிதிக்குதா, தூங்குதா?”

கொத்துக்கறியும் மசித்த கிழங்குமாக ஒரு பெரிய குவளையை நிரப்பி, மேலே உப்பைத் தூவி, ஒரு கரண்டியைக் குத்தி என் கையில் கொடுத்தாள் இஷ்பெல். நான் ஓடினேன்.

“டீயா?” என்றாள் டாம்சின்.

“இந்த ஊர் டீ.”

அவள் குவளைக்குள் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அப்புறம் பிரேக்கைப் பிடித்து இறங்கி, மதில் ஓரமாக ஒதுங்கி நின்று சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு நாளாக இனிப்பைத் தவிர எதுவும் படாத நாக்கு. சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். தனக்குத் தெரியாமலே அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். ஹூயி, மழை புகாத தன் எண்ணெய்த்துணிக் கோட்டைக் கொண்டுவந்து, காற்று வரும் பக்கம் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டார். இஷ்பெல் டாம்சினின் கையுறைகளை உருவி எடுத்துப்போய் அடுப்பின் மேல் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தாள்.

பின்னால் வந்த காரிலிருந்து மிஸ்டர் த்வெய்ட் இறங்கினார். சைக்கிள் சாதனைகளைப் பதியும் சங்கம் அனுப்பிய நேரக் கணிப்பாளர். வழி முழுக்க எங்களிடம் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம்.

“நிக்கறதுக்குத் தடை இல்ல. சாப்பிடறதுக்கும் இல்ல. கடிகாரம் மட்டும் நிக்காது.”

“உங்களுக்கும் ஒரு குவளை கொண்டு வரவா?” என்றாள் இஷ்பெல்.

“நான் வேலையில இருக்கேன்மா.”

“அது கடிகாரம் பாக்குற வேலதானே. வாய் சும்மாதான இருக்கு?”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்தார்.

டாம்சின் குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். “உங்க சாப்பாடா?” என்று ஹூயியிடம் கேட்டாள்.

“எனக்கு ரொட்டி இருக்கு பொண்ணே. நீ கிளம்பு. பெரிடேல் மேட்டுல பல்ல மட்டும் கடிச்சுக்கோ, கெட்ட வார்த்தைய முழுங்கிடாத, துப்பிடு.”

ஹெல்ம்ஸ்டேலில் நான் வேன் கதவைத் திறந்து வைக்கவில்லை. அவளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிடேலில் சாலை பள்ளத்தில் விழுந்து, மறுபடி செங்குத்தாக ஏறும். அங்கே நான் நினைத்துப் பார்க்காத ஒன்று காத்திருந்தது. இஷ்பெல் தன் தங்கைக்கு போன் செய்திருக்கிறாள். தங்கை இன்னும் யார் யாருக்கோ. மேட்டின் ஒவ்வொரு வளைவிலும் மழைக்கோட்டுகளில் ஆட்கள். யாரும் டாம்சினைத் தொடவில்லை. ஒரு விரல் பட்டுத் தள்ளினாலும் சாதனை செல்லாது என்று யாரோ சொல்லி வைத்திருந்ததால், ஆசை மீறிவிடக் கூடாதே என்று எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டிய கைகளோடு சாலையை நோக்கிக் குனிந்து கத்தினார்கள்.

“ஏறு பொண்ணே, ஏறு. மேல இதவிட மோசமா இருக்கு, ஆனா சமமா இருக்கு.”

அவள் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

மேட்டின் உச்சியில் காற்று இன்னும் பலமாக இருந்தது. அப்போதும் வெளிச்சம் மிச்சமிருந்தது, மீதித் தூரமும் இருந்தது. த்வெய்ட்டின் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். முன்னிலை என்று சொல்ல ஒன்றுமில்லை. இனி எப்படி வேண்டுமானாலும் போகலாம். சாதனை நேரம் தாண்டிவிட்டால் கணிப்பாளர் தன் கடிகாரத்தை மூடிவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். அப்படித்தான் வழக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

டாம்சினுக்கும் அது தெரியும். நின்றுகொண்டிருந்த அவர் கார் ஜன்னலருகே மெதுவாக வந்தாள். உதடு நீலமாக இருந்தது. முகம் மட்டும், எப்படிச் சொல்வது, விருந்துக்குப் போய்விட்டு வருகிறவள் முகம்போல இருந்தது.

“எவ்வளவு நேரம் இருக்குன்னு கேக்கல, மிஸ்டர் த்வெய்ட்.”

“நல்லது.”

“அவ்ளோ பேரும் கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க, பாத்தீங்கல்ல. அவங்களுக்காகவாவது நான் போய்ச் சேரணும். நேரம் தாண்டிட்டாலும் நிறுத்த மாட்டேன்.” மிதிப்பதை விடாமல் ஜன்னலைக் கடந்தபடியே திரும்பினாள். “நீங்களும் கடிகாரத்த மூடாம, கடைசி வரைக்கும் கூட வாங்களேன்.”