பத்துக்கு நாலு

டாக்டர் நாராயணைப் பொறுத்தவரை அப்பெண்டிசைட்டிஸ் வயிற்றில் வருவதில்லை, கூட்டலில் வருகிறது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, சாந்தன்பாறை மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஒரே சர்ஜனாக இருப்பவர். வாந்திக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, பசி செத்திருந்தால் ஒன்று, வலி இடம் மாறியிருந்தால் ஒன்று, ரத்தத்தில் வெள்ளையணு கூடியிருந்தால் இரண்டு என்று பத்துக்கு மதிப்பெண் போடுவார். ஏழு வந்தால் கத்தி. நாலு என்றால் வீடு. இதைப் பேசியே மாநாடுகளில் ஏகப்பட்ட பொன்னாடை சேர்த்திருந்தார்.

அன்று மதியம், ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டும் சந்துரு தன் மனைவி யோகப்பிரியாவைக் கொண்டுவந்தான். வலது அடிவயிற்றில் டாக்டர் கை வைத்ததும் அவள் முந்தானையைக் கடித்தாள்.

“வாந்தி உண்டோ?”

“இல்ல சார்.”

“சாப்ட்டேளா?”

“ஆச்சு சார்.”

“வலி மொதல்லேர்ந்தே இங்கதானா?”

“ஆமா சார்.”

உடம்பு சுடவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு கூடியிருந்தது. உள்ளே அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.யும் கூடுதல்தான், ஆனால் அதற்கு டாக்டரின் பத்தில் இடம் கிடையாது.

“தொட்டா வலி ரெண்டு, வெள்ளையணு ரெண்டு. நாலு. வாயுதான். ஆத்துக்குப் போங்கோ.”

யோகப்பிரியா எழுந்தாள். பாதிக்கு மேல் நிமிர முடியவில்லை. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. சந்துரு நகரவில்லை.

“என்ன நாலு சார்? நேத்துலருந்து ஒரு வாய் கஞ்சி இறங்கல இவளுக்கு.”

“ஆச்சுன்னாளே!”

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“பின்ன? சாப்பிடலன்னா வீட்ல அரிசி இல்லன்னு நினைக்க மாட்டாரா?”

டாக்டரின் பேனா நின்றது. ஐந்து.

“வழியில இறங்கி வாந்தி எடுத்தியே, அது?”

“அது ஜீப்பு வாந்தி. உங்க வண்டியில யாருக்குத்தான் வரல?”

ஆறு.

“காய்ச்சல்?” டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

“காலையில அடிச்சுது சார். மாத்திரை போட்டுட்டு வந்தேன். காய்ச்சலோட வந்தா தனி ரூம்ல அடைச்சிருவீங்கன்னு…”

ஏழு.

“வலி எங்க தொடங்கித்து? நிஜத்தைச் சொல்லு கொழந்தே.”

அவள் சுவரைப் பார்த்தாள். நர்ஸ் ஷம்னா குனிந்து காதைக் கொடுத்தாள்.

“தொப்புள்ல சார். அதை ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேக்குது.”

எட்டு. டாக்டர் அதை எழுதவில்லை. நாடியைப் பிடித்தார், அது வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

“ஷம்னா, தியேட்டர். இப்பவே!”

மாநாட்டுக் குரல் எங்கோ காணாமல் போயிருந்தது. கதவு மூடிக்கொண்டது. வெளியே சந்துரு நின்றான். உள்ளே ஏதோ தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அந்த மௌனத்துக்குச் சத்தமே தேவலாம் என்றிருந்தது.

வெகுநேரம் கழித்து டாக்டர் வந்தார். முகமூடியை இறக்கியதும் பழைய குரல் திரும்பிவிட்டது.

“வெடிக்கற நெலமைதான். வெடிக்கலை. பாருங்கோ, பதில் மட்டும் ஒழுங்கா வந்திருந்தா என் ஸ்கோர் மொதல்லயே—”

“சார், அவ?”

“நன்னாருக்கா. எட்டு வந்துட்டா கணக்கு ஒருநாளும்—”

“இருக்கால்ல சார்?”

கேட்டபடியே சந்துரு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின.

டாக்டர் திறந்த வாயை மூடினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவனருகே தரையிலேயே உட்கார்ந்தார்.

“இருக்கா,” என்றார்.