எடை குறைந்த படகு

என் வீட்டுக்காரர் தண்ணீருக்கு அடியில் வேலை பார்ப்பவர். நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரியில், பம்புக்குப் போகும் குழாயின் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஏதாவது அடைத்துக்கொண்டால் மூழ்கிப் போய்த் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் அங்கே கால் சிக்கி இரண்டு நிமிடம் கிடந்தார். மேலே வந்து மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, மீனுங்க கொஞ்ச நேரம் பேசிட்டுப் போகச் சொல்லுச்சு" என்றாராம். அந்த ஜோக்குக்கு நான் இன்றுவரை சிரிக்கவில்லை.

இப்போது மறுபடியும் அடைப்பு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இறங்குகிறேன் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், என்னவோ முடிவெட்டப் போகிறவர் மாதிரி. மறுநாள் காலையிலேயே இன்ஜினீயர் முன்னால் போய் நின்றேன். ரிமோட்டில் ஓடும் சின்னப் படகிலிருந்து கேமராவைத் தண்ணீருக்குள் தொங்க விடுகிறேன், ஆளை இறக்காமலே பார்த்துவிடலாம் என்றேன்.

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "பம்பை அரை மணி நேரத்துக்கு மேல நிறுத்த முடியாதும்மா. முதல் பத்து நிமிஷம் உங்க படகுக்கு. என்ன அடைச்சிருக்குன்னு தெளிவாத் தெரிஞ்சா மேலேர்ந்தே கொக்கி போட்டு இழுத்துக்கறோம். தெரியலன்னா அவர் இறங்கட்டும்."

கையில் மூன்று நாள். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பம்பு, மிக்சி, மின்விசிறி, எது எரிந்தாலும் என்னிடம்தான் வரும். படகு மட்டும் தெரியாது. அதற்கு என் நாத்தனார் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் குளத்தில் பொம்மைப் படகுப் பந்தயம் விடுகிறவள். நடப்பது, பேசுவது, சண்டை போடுவது எல்லாமே வேகம் என்பதால் வீட்டில் அவளுக்கு ராக்கெட் என்று பெயர். ஒரு மீட்டர் நீளப் படகுக் கூடும் கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டாருமாக வந்து இறங்கினாள்.

"இதைப் போடுங்க அண்ணி. நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுத்து. பறக்கும்."

"பறந்து எங்கடி போறது? ஒரே இடத்துல நிக்கணும். பாசி சுத்திக்கிட்டா உன் மோட்டார் தவிச்சுப் போய் கரண்டைக் குடிச்சுக் கருகிடும்."

நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும் தடித்த மோட்டார் ஒன்றை எடுத்துப் பெரிய விசிறி மாட்டினேன். மெதுவாகச் சுற்றும், ஆனால் தண்ணீரைப் பிடித்துத் தள்ளும். ராக்கெட் உதட்டைப் பிதுக்கினாள். மோட்டார் விஷயத்தில் என்னிடம் அவள் வாய் திறக்க முடியாது.

பேட்டரியில்தான் தடுமாறினேன். எமர்ஜென்சி விளக்குக்குப் போடும் ஈய பேட்டரி இரண்டரைக் கிலோ. லித்தியம் அரைக் கிலோகூட இல்லை, ஒரு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். ஈயத்தைக் கூட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். படகு தண்ணீரில் அமிழ்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல் இடைவெளி மிச்சம் இருந்தது, எனக்கோ அது முழுகப்போகிற மாதிரியே தெரிந்தது. அமிழ்கிற எதையும் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. லித்தியத்தையே வைத்தேன். துணி ஊறவைக்கும் தொட்டியில் விட்டபோது அசையாமல் நின்றது. அவர் குளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லா நிக்குது தாயே. என் வேலைக்கு உலை வச்சிட்ட" என்று சிரித்தார். சிரிக்காதீங்க என்று எரிந்து விழுந்தேன். உயிர் மேல் துளி அக்கறை இல்லாத மனுஷன் என்று அன்றைக்கும் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஏரியில் காற்று. தொட்டியில் ஏது காற்று, ஏது அலை? அந்தச் சின்ன விஷயம் என் மூளைக்கு எட்டவே இல்லை. படகைத் தண்ணீரில் விட்டதும் தக்கை மாதிரி மேலே மிதந்தது. ஒவ்வோர் அலைக்கும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. விசிறி தண்ணீரை விட்டுவிட்டு வெறும் காற்றில் சுற்றியது. படகு பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போனது. ரிமோட்டின் திரையில் வெறும் பச்சைக் கலங்கல். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஆறு நிமிஷம் ஆச்சு" என்றார் இன்ஜினீயர்.

"எடை பத்தல அண்ணி" என்றாள் ராக்கெட், முதல்முறையாக மெதுவாக. "அந்த ஈயத்தையே வச்சிருக்கணும்."

ஈய பேட்டரி கடையில் கிடந்தது. படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். அவர் ரப்பர் உடுப்போடு, இடுப்பில் பெல்ட் கட்டித் தயாராக நின்றிருந்தார். மூழ்குகிறவர்கள் மேலே மிதந்துவிடாமல் இருக்கக் கட்டும் ஈயக்கட்டி பெல்ட்.

"ரெண்டு கட்டி குடுங்க" என்றேன்.

அவர் பெல்ட்டின் கொக்கியை விடுவித்தார். இரண்டு தடவை வழுக்கியது. இரண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மீதிப் பெல்ட்டையும் என் காலடியில் வைத்தார்.

இன்ஜினீயர் முகம் சுளித்தார். "படகு சரியா வரலன்னா எப்படி இறங்குவீங்க?"

"நான் இறங்கல சார்."

அவ்வளவுதான் சொன்னார். உடுப்பின் ஜிப்பை இழுத்துத் திறந்துவிட்டுக் கல் மேல் உட்கார்ந்தார்.

கட்டிகளைப் பின்பக்கம் வைத்து இறுக்கினேன். படகு அமிழ்ந்து, மெதுவாகப் போய், தடுப்புக்கு நேர் மேலே நின்றது. கலங்கல் விலகிக் கம்பிகள் தெரிந்தன. அவற்றின் மேல் ஒரு பழைய மீன்வலை, போர்வை மாதிரி விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. சேற்றைக் கலக்கிக்கொண்டு கையால் தடவிப் போகிறவனுக்கு, அதில் சிக்கின பிறகுதான் அது தெரியும். இன்ஜினீயர் கொக்கிக்காரர்களைக் கூப்பிடப் போனார்.

என் வீட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கிலேர்ந்து பயமாத்தான் இருக்கு. உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல."

ரிமோட்டை ராக்கெட் கையில் திணித்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். ஆறு மாதமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.