தார்ப்பாயின் நாலாவது மூலை

என் உயிர்த்தோழியின் கல்யாணத்தை நான் ஒரு தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்தபடிதான் பார்த்தேன். பாசத்தினால் அல்ல. விட்டால் பந்தல் விழுந்துவிடும்.

பந்தல் என்பதே பெரிய வார்த்தைதான். அவள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில், நீலத் தார்ப்பாய் ஒன்றை நாலு இரும்புக் குழாய்களில் இழுத்துக் கட்டியிருந்தோம். குழாய்கள் மாப்பிள்ளையின் உபயம், அவர் பிளம்பர். கேக் மணப்பெண்ணின் கைவேலை, அவள் பேக்கரியில் இருக்கிறாள். நாற்காலிகள் தெருவில் வீட்டுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கியவை, ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "மண்டபம் வேண்டாம், ஆள் வேண்டாம், எல்லாம் நம்ம கையாலேயே" என்று அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழி தோண்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று குழிகள் ஒழுங்காக வந்தன. நாலாவது மூலையில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பழைய சிமெண்ட் தரை. வேறு இடம் பார்க்கலாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் அவ்வளவு சந்தோஷமாக நின்றாள், நான் வாயை மூடிக்கொண்டு குழாயைச் சுற்றிச் செங்கல் அடுக்கி "ஆச்சு" என்றேன். என் குணமே அதுதான். முடியாது என்ற சொல் எனக்கு வாயில் வராது.

கல்யாணக் காலையில் காற்று வந்தது, செங்கல் சரிந்தது, குழாய் சாய்ந்தது. பக்கத்தில் நின்றவள் நான், பிடித்துக்கொண்டேன்.

"பத்தே நிமிஷம் பிடிச்சுக்கோ ஏணி, ஆள் அனுப்பறேன்" என்றாள் தோழி. என் உயரத்துக்கு அவள் வைத்த பெயர் அது. பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று, "அட, நல்லா பிடிச்சிருக்கீங்களே!" என்று பாராட்டிவிட்டு நாற்காலி தேடிப் போனார்கள். நன்றாகப் பிடிக்கிறவளிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. அம்மா இல்லை. நான் வேலைக்குப் போகும் நேரம் எதிர் வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள், கல்யாணத்தன்றும் அவள்தான். மற்ற நேரமெல்லாம் நான். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் அண்ணன் இருக்கிறான். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "அப்பா எப்படி இருக்கார்? பார்த்துக்கோ." அவ்வளவுதான், வைத்துவிடுவான்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வேறு ஊரில் திறக்கப்போகும் புதுக் கிளையில் எக்ஸ்ரே பிரிவையே என் பொறுப்பில் விடுவதாகச் சொல்கிறார்கள். இதற்கு முன் இரண்டு முறை இப்படி வந்ததை வேண்டாம் என்றுவிட்டேன். இது மூன்றாவது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும், இனிமேல் கேட்க மாட்டார்கள். அப்பாவை அண்ணன் வைத்துக்கொண்டால் நான் போகலாம். இல்லையென்றால் இந்த ஜென்மம் இப்படியே ஓடிவிடும். இதை அவனிடம் சொல்ல இரண்டு வாரமாக அலைகிறேன், வாயெடுப்பதற்குள் போன் செத்துப்போகிறது.

பதிவாளர் வந்து மேசைமேல் புத்தகத்தை விரித்தார். மணமக்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதி வாசிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. மனுஷன் அன்றைக்குப் பார்த்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பேக்கரியில் ஒழுகிய குழாயைச் சரிசெய்யப் போனதில் தொடங்கினார். இரண்டாம் பக்கத்திலும் அது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. நாளெல்லாம் நோயாளிகளிடம் "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று சொன்ன பாவம் போலிருக்கிறது.

மூன்றாம் பக்கத்தில் அண்ணன் வந்து சேர்ந்தான். தோழி எங்கள் பழைய தெருக்காரி, அவனையும் கூப்பிட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

"என்ன, கல்யாணத்துக்கு வந்தவளைத் தூணாக்கிட்டாங்களா?" என்று சிரித்தான்.

"அண்ணா, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"அப்பா எப்படி இருக்கார்?"

"அதைப் பத்திதான்..."

"பார்த்துக்கோ. இரு, அங்க யாரோ கூப்பிடறாங்க."

ஒருத்தரும் கூப்பிடவில்லை. நேராகக் கேக் மேசைப் பக்கம் போய் நின்றுகொண்டான். பதினைந்தடி தூரம். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கக்கூட வழியில்லாமல் நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழாயைப் பிடுங்கி அவன் தலையில் போட்டிருப்பேன்.

வாசிப்பு ஒருவழியாக முடிந்தது. "சாட்சிக் கையெழுத்து யாரு?" என்றார் பதிவாளர். சாட்சி நான்தான். முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் குழாயைப் பார்த்தேன்.

தோழி குரலை உயர்த்தினாள். "அண்ணா! நீங்க கொஞ்சம் அதைப் பிடிங்களேன். ஒரு கையெழுத்துதான்."

முப்பது பேர் முன்னால் என்ன சொல்வான்? வந்தான். "இடது காலை முட்டுக் கொடு. ரெண்டு கையும் வேணும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனேன். கை மரத்துப்போயிருந்ததால் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தோழி என்னைக் கட்டிக்கொள்வதுபோல் காதருகே வந்தாள். "உங்க அண்ணனை எதுக்குக் கூப்பிட்டேன்னு நினைச்சே? இப்ப அவரால ஓட முடியாது. போய்ச் சொல்லுடி."

போனேன். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டேன்.

"வந்துட்டியா? இந்தா, பிடி."

"அண்ணா, நான் வேற ஊருக்கு வேலைக்குப் போறேன். அடுத்த மாசம். அப்பாவை நீ கூட்டிட்டுப் போ."

"விளையாடறியா? முதல்ல இதைப் பிடி."

"மாட்டேன்."

அந்தச் சொல் வந்தது என் வாயிலிருந்துதான்.

"என் வீடு சின்னதும்மா."

"எங்க வீடு அதைவிடச் சின்னது."

"உங்க அண்ணியும் வேலைக்குப் போறா."

"நானும்தான் போறேன்."

"எனக்கு இதெல்லாம் பார்த்துக்கத் தெரியாது. உனக்குப் பழக்கம்."

"எனக்கு யாரு பழக்கிவிட்டாங்க?"

காற்று மறுபடி கிளம்பித் தார்ப்பாய் உப்பியது. அவன் பதறிப்போய்க் குழாயை மார்போடு சேர்த்து இறுக்கினான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. துடைத்துவிட என் கை தானாக எழுந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். மேசையருகே கேக்கை வெட்டினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள், நாங்கள் இருவரும் தட்டவில்லை.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"ராத்திரி அவர் எத்தனை தடவை எந்திரிக்கிறார்?"

மூன்று வருடத்தில் அப்பாவைப் பற்றி, பதிலுக்குக் காத்திருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ரெண்டு தடவை" என்றேன்.

ஐந்து தடவை. சில நாள் ஆறு. ஆனால் அவன் கை இன்னும் குழாயில் இருந்தது, விட்டுவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.